கொடியேற்றம் உண்டு, கொடியிறக்கம் உண்டா?

மாசி பிறந்துவிட்டால் மாத்தளை நகருக்குத் தனியொரு களை வந்துவிடுகிறது. இரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவைப் பக்கத்துப் பஸ் வண்டிகளிலும், கண்டியிலிருந்து வரும் புகையிரதத்திலும் தோட்டத்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றனர். இடுப்பிற் குழந்தையும் கையிற் கட்டுச்சோறுமாக வரும் தாய்மார்கள், ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்தின் 108 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து நோக்கிக் கன்னத்திற் போட்டுக்கொள்கின்றனர். மாசி மகத்தையொட்டி ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீதியில் அசைந்து வரும் அந்தப் பஞ்சரத பவனியை ஒருமுறை கண்டவர் வாழ்நாளில் மறவார்.

இந்த அன்னைக்கும் மலைநாட்டு மக்களுக்கும் உள்ள உறவு சாமானியமானதன்று. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் மேடும் கடந்து கால்நடையாக வந்த நம் முன்னோருக்கு மலைநாட்டின் தலைவாயிலாக அமைந்தது மாத்தளை. வழியில் வாந்திபேதிக்கும் அம்மை நோய்க்கும் பலியானோர் எத்தனையோ பேர். உயிர் பிழைத்து வந்து சேர்ந்தவர்கள், அம்மையைத் தணிக்கும் மாரியை வேறெங்கு வணங்குவார்கள்? 1983 ஜூலை வன்செயலிற் சேதமுற்ற பின்னரும் இவ்வாலயம் முன்னிலும் பொலிவாக எழுந்து நிற்பதற்கு இந்த உறவே காரணம் எனலாம்.

அத்தகைய தேர்த் திருநாளொன்றில் கடைத்தாழ்வாரத்தில் நாம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். அருகில் ஓர் அம்மையார், ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க அவர் மகன். அம்மன் தேர் அண்மித்ததும் தாய் இரு கரங்களையும் தலைமேற் குவித்தார். மகனும் கைகளை உயர்த்தினான். ஆனால், அக்கைகளில் இருந்தது கைத்தொலைபேசி. அவன் அணிந்திருந்த சட்டையின் மார்பில் பிரபல திரைப்பட நடிகர் ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேர் நகர்ந்ததும் அம்மையார் நம்மிடம் முறையிடத் தொடங்கிவிட்டார்.

“நீங்களே கேளுங்க ஐயா. அம்மன் தேருக்கு இவனை இழுத்துக்கிட்டு வர்றதுக்குள்ளே எனக்குப் போதும் போதும்னு ஆயிருது. ஆனா அந்த நடிகரு படம் வந்தா மட்டும் சாமத்திலேயே எந்திரிச்சுக் குளிச்சிட்டுக் கொழும்புக்குப் போறான். படம் வர்றதுக்கு முந்தி மூணு நாளு கவுச்சி தொடமாட்டேங்கிறான். இப்ப பேனர் அடிக்கணுமாம், என் தோட்டை அடகு வைக்கக் கேக்கிறான்!”

மகன் வெட்கத்துடன் சிரித்தான். ஆயினும் சும்மா இருக்கவில்லை.

“அம்மா மட்டும் என்னவாம்? எம்.ஜி.ஆருக்காகத் தேங்காய் ஒடைச்சவங்கதானே, ஐயா!”

தாயும் சிரித்துவிட்டார், நாமும் சிரித்தோம். ஆனால், வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பின் உள்ளே இருந்த கேள்வி நம்மை விடவில்லை. கோயிலில் நாம் செய்வதையும், படமாளிகை வாயிலில் அவன் செய்வதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை எங்கே இருக்கிறது?

ஒற்றுமைகள் உள்ளங்கை நெல்லிக்கனிபோல் தெரிகின்றன. இறைவனுக்குச் சஹஸ்ரநாமம் சொல்கிறோம். நடிகருக்கும் பெயருக்கு முன்னே பட்டம் சூட்டாமல் பேசுவதில்லை. ஆலயத்தில் மூர்த்திக்குப் பாலாபிஷேகம். படமாளிகை வாயிலில் மரச்சட்டத்தில் நிறுத்திய நாற்பதடி உருவத்திற்கும் பாலாபிஷேகம். கற்பூரம் இருபுறமும் எரிகிறது. தேங்காய் இருபுறமும் சிதறுகிறது. அடியார் திருக்கூட்டத்திற்கு நிகராக ரசிகர் மன்றம். திருவிழாவின் முதல் நாளுக்கு நிகராக முதல் நாள் முதற்காட்சி. தூர நின்று ஒருகணம் முகம் கண்டால் போதும் என்று ஏங்குவதற்குத் ‘தரிசனம்’ என்ற ஒரே சொல்லைத்தான் இரு சாராரும் வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் மாத்திரமன்றி, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும்கூட இக்காட்சிகளைக் காண்கிறோம்.

நடிகர்களே தெய்வ வேடம் தரிக்கும்போது எல்லைக்கோடு மேலும் மங்கிவிடுகிறது. என்.டி. ராமராவ் தெலுங்குப் படங்களில் இராமனாகவும் கண்ணனாகவும் தோன்றிய காலத்தில், திருப்பதி யாத்திரை முடித்த ஆந்திர மக்கள் அப்படியே சென்னைக்கு வந்து அவர் வீட்டு வாயிலிலும் நின்று அவரைக் கண்டு சென்றனர். 1987இல் இந்தியத் தொலைக்காட்சியில் இராமாயணத் தொடர் ஆரம்பமானபோது, தொலைக்காட்சிப் பெட்டிக்கே மாலையிட்டுத் தூபம் காட்டிய வீடுகள் பல. 1971இல் வெளியான ‘ஆதிபராசக்தி’ படத்தில் அம்மனாகத் தோன்றிய ஜெயலலிதா, இருபது ஆண்டுகளின் பின் தமிழ்நாட்டின் முதலமைச்சராகி, தொண்டர்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கும் ‘அம்மா’வாகவே விளங்கினார்.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் இருவகையினர். ஒரு சாரார், “தெய்வ நிந்தனை!” என்பர். மறு சாரார், “படிப்பறிவில்லாத மூடத்தனம்!” என்பர். இவ்விரு கூற்றுகளும் நமக்கு உடன்பாடில்லை.

படிப்பறிவைப் பற்றிப் பேசுவோமாயின், அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த மாளிகைக்கு, அவர் 1977இல் மறைந்த நாளை முன்னிட்டு ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் மெழுகுவர்த்தி ஏந்தி வருகின்றனர். ஆர்ஜென்டினாவில் உதைபந்தாட்ட வீரர் மரடோனாவின் பெயரால் 1998இல் ஒரு ‘திருச்சபை’யே தோன்றிற்று. அன்பு பெருகும்போது மனிதன் தனக்குத் தெரிந்த மொழியிலேதான் அதனைச் சொல்வான். மெழுகுவர்த்தி தெரிந்தவன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான்; கற்பூரம் தெரிந்தவன் கற்பூரம் கொளுத்துகிறான்.

தெய்வ நிந்தனை என்பதும் பொருந்தாது. மனிதரை வணங்குவது நம் மரபிற்குப் புதிதா என்ன? போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு வழிபடும் முறையை ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது தொல்காப்பியம். சைவ ஆலயங்களில் வரிசையாக நிற்கும் அறுபத்து மூவரும் மண்ணில் நடமாடிய மனிதர்களே. புகாரிற் பிறந்த ஒரு வணிகர் மகள் கண்ணகியாகி, சேரன் செங்குட்டுவன் எடுத்த கோயிலில் தெய்வமானாள். அவ்விழாவிற்கு இலங்கைக் கயவாகு மன்னன் வந்திருந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அவளையே பத்தினித் தெய்வமாகச் சிங்கள மக்களும் இன்றுவரை போற்றுகின்றனர். ஆகவே, ‘மனிதனை எப்படி வணங்கலாம்?’ என்று அந்த இளைஞனைக் கேட்கும் தகுதி நமக்கில்லை.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடுகல் வீரனும் கண்ணகியும் நாயன்மாரும் வாழ்ந்து முடித்தவர்கள். அவர்கள் வாழ்வு முழுமையாக நம் கண்முன் நிற்கிறது. நாளைக்கு அவர்களுக்கு நோய் வராது. அவர்கள் தேர்தலில் நிற்கப்போவதில்லை. நமக்குப் பிடிக்காத ஒரு சொல்லைச் சொல்லப்போவதுமில்லை. வாழும் மனிதனைப் பீடத்தில் ஏற்றுவது அப்படியன்று. அங்கேதான் நம் மரபு மிகுந்த எச்சரிக்கையோடு ஒரு வழியை வகுத்து வைத்திருக்கிறது. அதை நாம் மாத்தளைத் தேர்வீதியிலேயே கண்டோம்.

அன்று அம்மையாரின் முறைப்பாட்டைத் திசைதிருப்பும் நோக்குடன், “தோட்டத்தில் இவ்வருடம் காமன் கூத்து உண்டா?” என்று கேட்டிருந்தோம். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“போன வருசம் ரதி வேசம் கட்டினது இவன்தாங்க ஐயா! பார்த்த பொம்பளைங்க எல்லாம் அழுதுட்டாங்க.”

மலைநாட்டுத் தோட்டங்களை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மாசி மாத வளர்பிறையிற் காமன் கம்பம் ஊன்றி, ரதியும் மதனும் லயங்கள்தோறும் ஆடி வந்து, பௌர்ணமியையொட்டிச் சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மதன் எரிக்கப்படுவதும், ரதி புலம்புவதுமாக நிகழ்வது காமன் கூத்து. ரதி வேடத்தையும் ஆண்களே தரிப்பது வழக்கம். வேடம் பூணுவோர் காப்புக் கட்டி விரதம் காக்கின்றனர். அந்நாட்களில் அவர்கள் வெறும் கூத்தாடிகள் அல்லர். வயதில் மூத்தோரும் அவர்களைக் கும்பிடுவர்.

“ஊரார் கும்பிட்டார்களே, அப்போது உனக்கு எப்படி இருந்தது தம்பி?” என்று அவனைக் கேட்டோம்.

சற்று யோசித்துவிட்டு அவன் சொன்னான்: “கும்பிட்டது என்னை இல்லீங்களே ஐயா, ரதியை. காப்பு அவுத்துட்டா நான் வெறும் ஆளுதானே. மறுநாளே வேலைக்குப் போயிட்டேன்.”

பல நூல்களைப் புரட்டியும் கிட்டாத விளக்கம் ஒன்று அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கட்டிய காப்பை அவிழ்க்க வேண்டும் என்பதே அது.

நம் வழிபாட்டின் ஒவ்வொரு கூற்றிலும் இந்த அவிழ்ப்பு இருக்கக் காணலாம். கொடியேற்றத்துடன் தொடங்கும் திருவிழா கொடியிறக்கத்துடன் நிறைவெய்துகிறது. தேரேறிய அம்மன் மீண்டும் ஆலயத்தினுள் எழுந்தருளுகிறாள். குடும்பத் தலைவியர் நன்கறிந்த உதாரணம் ஒன்று கூறுவோம். சுபகாரியம் எதுவாயினும் ஒரு பிடி மஞ்சளைப் பிசைந்து, அறுகம்புல் செருகி, பிள்ளையாராக வைக்கிறோம். அவருக்குத் தீபம் காட்டித் தோப்புக்கரணமும் போடுகிறோம். காரியம் முடிந்ததும் அதே மஞ்சளை நீரிற் கரைத்துவிடுகிறோம். ஆவாகனம் என்று தெய்வத்தை ஒரு பொருளில் அழைக்கத் தெரிந்த நம் பெரியோர், விசர்ஜனம் என்று அதனை விடைகொடுத்து அனுப்பவும் தெரிந்திருந்தனர். மஞ்சள் மஞ்சளாகவும் மனிதன் மனிதனாகவும் மீண்டும் வாழ வேண்டும் அல்லவா?

திரை நட்சத்திர வழிபாட்டிலோ கொடியேற்றம் மாத்திரமே உண்டு, கொடியிறக்கம் இல்லை. திரையில் ஏழைக்கு இரங்கிய கதாநாயகன், ஒப்பனையைக் கலைத்த பின்னரும் ஏழைப்பங்காளனாகவே இருக்க வேண்டும் என்று ரசிகன் எதிர்பார்க்கிறான். காப்பை அவிழ்க்க நடிகரை அவன் விடுவதில்லை. சில வேளைகளில் நடிகரும் அவிழ்க்க விரும்புவதில்லை.

இதனால் விளையும் துன்பம் இருபக்கத்தாரையும் தாக்குகிறது. 1990களில் திருச்சிப் பகுதி ரசிகர்கள் நடிகை குஷ்புவுக்குக் கோயில் எடுத்தனர். 2005இல் அவர் பத்திரிகைப் பேட்டியொன்றிற் கூறிய கருத்து சிலருக்குப் பிடிக்கவில்லை. உடனே துடைப்பமும் செருப்பும் ஏந்தி ஆர்ப்பாட்டம். ஊர் ஊராக வழக்குகள். 2010இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவ்வழக்குகளைத் தள்ளுபடி செய்யும்வரை அவர் அலைய நேர்ந்தது. கோயில் கட்டிய அதே தமிழகத்திலேதான் துடைப்பமும் தூக்கப்பட்டது. சொந்தமாக ஒரு கருத்துச் சொல்லும் உரிமை சாதாரணப் பெண்ணுக்கு உண்டு. பீடத்தில் ஏற்றப்பட்டவளுக்கு இல்லையாம்!

ரசிகன் படும் துன்பமோ சொல்லுந்தரமன்று. 1987 டிசம்பர் 24ஆம் திகதி எம்.ஜி.ஆர். மறைந்தபோது, அத்துயர் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர் பலர். 2023 ஜனவரியில் சென்னையில், அபிமான நடிகரின் புதுப்படம் வெளியான நாளன்று, ஓடும் லொறியின்மேல் ஆடிய பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் விழுந்து மாண்டார். 2025 செப்டம்பர் 27ஆம் திகதி கரூரில், நடிகர் விஜய்யைக் காணக் கூடிய அரசியற் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் குழந்தைகளும் இருந்தனர். எந்தக் கொடிக்காக அத்தாய்மார்கள் தம் மக்களைத் தூக்கிச் சென்றனர் என்று எண்ணும்போது நெஞ்சு விம்முகிறது.

கோயிற் கூட்டத்தில் இவ்விதம் நேர்வதில்லையா என்று கேட்கலாம். நேர்ந்ததுண்டு. 1992 பெப்ரவரி 18ஆம் திகதி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மாசி மகமான மகாமகத்தன்று, கும்பகோணக் குளத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா நீராட வந்திருந்த வேளையில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் மாண்டனர். தீர்த்தமாட வந்த கூட்டத்தில் எத்தனை பேர் கண்கள் குளத்தை நோக்கின, எத்தனை பேர் கண்கள் கரையை நோக்கின என்று யார் அறிவர்? பக்தியும் அபிமானமும் ஒரே படித்துறையில் முட்டிக்கொண்ட நாள் அது. ஆகவே, ‘எமக்கு இந்நோய் இல்லை’ என்று கோயிலுக்குச் செல்வோர் மார்தட்டிக்கொள்வதற்கில்லை.

இறைவனுக்கும் நடிகருக்கும் உள்ள வேற்றுமையை மிக எளிதாகவே சொல்லிவிடலாம். நம் அன்பின் பாரத்தை இறைவன் தாங்குவான். மனிதனால் தாங்க முடியாது. அடியார்கள் இறைவனை ஏசியும் பாடியிருக்கின்றனர், அவன் கோபித்துக்கொண்டதில்லை. நம்மிடம் ஒன்றும் இல்லாவிடினும் அவன் ஏற்பான். இதற்குச் சான்றாகும் ஊர், சென்னையை அடுத்த திருநின்றவூர். பொருளில்லாத பூசலார் நாயனார் மனத்துக்குள்ளேயே ஒவ்வொரு கல்லாக அடுக்கிச் சிவபெருமானுக்குக் கோயில் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எழுப்பிய மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, ‘நாளை நாம் பூசலார் கோயிலுக்குப் போகிறோம், நீ வேறு நாள் பார்’ என்றானாம். விந்தை என்னவெனில், அதே திருநின்றவூரிலேதான் எம்.ஜி.ஆருக்கும் ரசிகர்கள் ஒரு கோயில் கட்டியிருக்கின்றனர். அக்கோயிலைக் கட்டியோரின் அன்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும், தாயின் தோட்டை அடகு வைக்காமல் மனத்துக்குள்ளேயே கட்டக்கூடிய கோயிலும் அவ்வூரில் உண்டு என்பதை நம் இளைஞர்கள் அறிந்திருப்பது நலம். ஒரு பால்மாப் பைக்கற்றுக்காக 2022இல் நாம் வரிசையில் நின்றதையும் அவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நிற்க. தாய் தேங்காய் உடைத்த கதையை இன்னும் நாம் சொல்லவில்லை.

எம்.ஜி.ஆர். கண்டிச் சீமையிற் பிறந்தவர் என்பதால் மலைநாட்டு மக்கள் அவரைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினர். 1965இல் அவர் நடிகை சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்த கதையைத் தோட்டத்து முதியோர் வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தனர். 1984 ஒக்டோபரில் அவர் கடும் நோயுற்று, பின்னர் அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது அந்த அம்மையார் பத்து வயதுச் சிறுமி.

“எங்கப்பா சம்பளத்தன்னைக்குத் தேங்காய் வாங்கியாந்து, ‘பச்சப்புள்ள கேட்டா மாரியாத்தா கேப்பா’ன்னு என் கையிலே குடுத்தாரு ஐயா. தோட்டத்துக் கோயில்லே ஒடைச்சோம். அவரு நல்லாகி வந்ததும் பொங்கல் வச்சோம்.”

1985 பெப்ரவரியில் எம்.ஜி.ஆர். தாயகம் திரும்பினார். ஏதோவொரு லயத்துக் கோயிலில் பொங்கலும் பொங்கிற்று. மூன்றாண்டுகள் கழியுமுன் அவர் மறைந்தார். “அப்பா ரெண்டு நாளு சாப்பிடலே. மூணாம் நாளு மலைக்குப் போயிட்டாரு,” என்றார் அம்மையார்.

தாயும் மகனும் செய்தது ஒன்றேபோலத் தோன்றினும் ஒன்றன்று. அந்தத் தகப்பனார் தேங்காயை எம்.ஜி.ஆருக்கு உடைக்கவில்லை, எம்.ஜி.ஆருக்காக மாரியம்மனுக்கு உடைத்தார். நோய் வரக்கூடிய, இறக்கக்கூடிய, தெய்வத்தின் துணை தேவைப்படும் மனிதராகவே தம் அபிமான நடிகரை அவர் எண்ணினார். ஆகையாலே அன்பு அவரை அழித்துவிடவில்லை. இரண்டு நாள் அழுதார். மூன்றாம் நாள் காப்பை அவிழ்த்துவிட்டார்.

பெற்றோருக்கு நாம் சொல்வது இதுவே. பிள்ளைகள் நடிகர் படத்தைச் சுவரில் ஒட்டினால் கிழித்தெறிய வேண்டாம். ஏசவும் வேண்டாம், ஏசினால் அபிமானம் வெறியாகும். படம் பார்த்து வரட்டும், ஆடட்டும், பாடட்டும். திருவிழா என்றால் ஆரவாரம் இருக்கத்தான் செய்யும். அது முடிந்து வீடு வந்ததும், ‘கொடியை இறக்கியாயிற்றா?’ என்று ஒரு வார்த்தை அன்பாகக் கேளுங்கள். தமக்குப் பிடித்த நடிகருக்கு ஒரு நோய் என்றால் சுவாமி படத்தின் முன் விளக்கேற்றி அவருக்காக வேண்டிக்கொள்ளப் பழக்குங்கள். ஒருவருக்காகக் கும்பிடத் தெரிந்தவன், அவரையே கும்பிட்டு அழிந்துபோகமாட்டான்.

அன்று விடைபெறும்போது அந்த இளைஞனிடம் ஒன்று கேட்டோம்: “உன் சட்டையில் இருக்கிறாரே, அவர் எப்போது தம்பி காப்பு அவிழ்ப்பார்?”

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்துக்கொண்டான். பதில் சொல்லவில்லை. கைத்தொலைபேசியை நம்மிடம் தந்து, தாயுடன் தன்னை ஒரு படம் எடுத்துத் தரும்படி கேட்டான். எடுத்தோம். தூரத்தில் அம்மன் தேர் கோயிலை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. தாயின் காதில் தோடு பத்திரமாக மின்னிற்று.